சீதாவா, ஜானகியா, மைதிலியா, வைதேகியா: ஒருத்தியின் நான்கு பெயர்களில் எதை வைப்பது?

என் தம்பிக்குப் பெண் பிள்ளை பிறந்திருக்கிறது. அவனும் அவன் மனைவியும் யோசித்து யோசித்து நான்கு பெயர்களில் வந்து நிற்கிறார்கள்: சீதா, ஜானகி, மைதிலி, வைதேகி. எங்கள் குடும்பத்தில் பிள்ளையின் காதில் மூன்று தடவை பெயரைச் சொல்வது அத்தையின் உரிமை. அதனால், "நீயே பார்த்துச் சொல்லுக்கா" என்று தம்பி பொறுப்பை என்னிடம் விட்டுவிட்டான். இதே பெயர்களுக்கு நடுவே நிற்கும் பெற்றோர் நம் இலங்கை மலையகத்தில் இன்னும் பலர் இருப்பார்கள். நுவரெலியாவில் பஸ் ஏறி வெலிமடைக்கோ பதுளைக்கோ போகிறவர்கள் சீதையை இராவணன் சிறைவைத்த இடம் என்று நம்பப்படும் சீதா எலிய அம்மன் கோயிலைத் தாண்டித்தான் போகிறோம். சீதையின் கதை நமக்கு எங்கேயோ தொலைவில் நடந்த கதை இல்லை. ஆகவே நான் தேடிப் படித்ததையும், எந்தப் பக்கம் சாய்கிறேன் என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

"எதை வச்சா என்னடி, எல்லாமே சீதைதானே" என்கிறார் அம்மா. ஆள் ஒருத்திதான், சரி. ஆனால் பெயர்கள் சொல்லும் சங்கதி ஒன்றல்ல. ஜானகி என்றால் ஜனகனின் மகள். மைதிலி என்றால் மிதிலை நகரத்துப் பெண். வைதேகி என்றால் விதேக நாட்டவள், விதேகன் வம்சத்தில் வந்தவள். மூன்றும் அவள் யார் வீட்டுப் பிள்ளை, எந்த ஊர் என்று விலாசம் சொல்கிற பெயர்கள். சீதா என்பதுதான் அவளுக்கென்றே வைத்த பெயர். என் ஓட்டு சீதாவுக்கு. ஆனாலும் மற்ற மூன்றையும் சும்மா தள்ளிவிட மனம் வராது. அவை மூன்றும் ஒரே கதையிலிருந்து பிறந்தவை, அந்தக் கதை அவ்வளவு அழகானது.

விஷ்ணு புராணத்தின் நான்காம் பகுதியில் அது வருகிறது. இக்ஷ்வாகுவின் மகன் நிமி, ஆயிரம் ஆண்டு நடக்கும் வேள்வி ஒன்றைச் செய்ய நினைத்து வசிஷ்டரைக் கூப்பிடுகிறான். வசிஷ்டரோ இந்திரனுடைய ஐந்நூறு ஆண்டு வேள்விக்கு முன்பே ஒப்புக்கொண்டவர். "அதை முடித்துவிட்டு வருகிறேன், பொறுத்திரு" என்கிறார். நிமி பதில் பேசவில்லை. பேசாமல் இருந்ததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு வசிஷ்டர் போய்விடுகிறார். அங்கே வேலையை முடித்து அவசரமாகத் திரும்பி வந்து பார்த்தால், கௌதமர் முதலானோரை வைத்து நிமி வேள்வியைத் தொடங்கிவிட்டிருக்கிறான். வசிஷ்டர் வந்த நேரம் அரசன் தூக்கத்தில் இருந்தான். கோபத்தில் அவர், "இவன் உடல் இல்லாதவனாகப் போகட்டும்" என்று சபிக்கிறார். கண்விழித்த நிமி, தூங்கிக்கொண்டிருந்தவனிடம் ஒரு வார்த்தை கேட்காமல் சபித்த குருவும் உடலை இழக்கட்டும் என்று திருப்பிச் சபிக்கிறான். இருவர் உடலும் விழுகிறது.

நிமியின் உடலை வாசனை எண்ணெயும் பிசினும் பூசிக் கெடாமல் காக்கிறார்கள். வேள்வி முடிந்ததும் தேவர்கள் வந்து மறுபடி உயிர் தருவதாகச் சொல்கிறார்கள். நிமி மறுக்கிறான். உடலும் உயிரும் பிரிகிறபோது வரும் துன்பத்தைப் போல் ஒரு துன்பம் உலகத்தில் இல்லை, இன்னொரு முறை அதைப் பட நான் தயாரில்லை, எல்லா உயிர்களின் கண்களிலும் குடியிருந்தால் எனக்குப் போதும் என்கிறான். நம் இமைகள் திறந்து மூடுவது அன்றிலிருந்துதான் என்கிறது புராணம். நிமிஷம் என்று நாம் சொல்வதும் அந்த இமைப்பைத்தான்.

அவனுக்குப் பிள்ளை இல்லை. அரசன் இல்லாத நாடு என்ன கதிக்கு ஆளாகுமோ என்று பயந்த முனிவர்கள் அந்த உடலைக் கடைகிறார்கள். ஓர் இளவரசன் பிறக்கிறான். அப்படித் தானே பிறந்ததால் ஜனகன், உடலற்ற விதேகனின் மகன் என்பதால் வைதேகன், கடைந்து எடுத்ததால் மிதி என்று அவனுக்கு மூன்று பெயர். வால்மீகியில் வரிசை கொஞ்சம் மாறும். அங்கே நிமியின் மகன் மிதி, மிதியின் மகன்தான் முதல் ஜனகன். எப்படிப் பார்த்தாலும் ஜானகி, மைதிலி, வைதேகி மூன்றுக்கும் வேர் இந்த ஒரே இடத்தில் இருக்கிறது. சீதையை வளர்த்த ஜனகன் பல தலைமுறை கழித்து வந்தவன். ஜனகன் என்பது அந்த வம்சத்தின் பொதுப்பெயர் ஆகிவிட்டதால் அவனுக்குச் சீரத்வஜன் என்று சொந்தப் பெயர் ஒன்று உண்டு. கொடியில் கலப்பையை வைத்திருந்தவன் என்று பொருள்.

இந்தக் கதையை மனதில் வைத்துக்கொண்டு பெயர்களைப் பார்ப்போம்.

வைதேகிதான் நால்வரில் கம்பீரமானவள். உடம்பே வேண்டாம் என்று ஒதுக்கிய ஒரு மூதாதையின் நினைவு அந்தப் பெயருக்குள் இருக்கிறது. விதேக நாட்டுக்கு வேறொரு புகழும் உண்டு. பிருகதாரண்யக உபநிடதத்தில் விதேக மன்னன் ஜனகன் ஆயிரம் பசுக்களின் கொம்புகளில் பொன்னைக் கட்டி நிறுத்தி, உங்களில் பெரிய ஞானி இவற்றை ஓட்டிப் போகலாம் என்கிறான். யாக்ஞவல்கியர் ஓட்டிக்கொண்டு போக, அவரைச் சபையில் எதிர்த்துக் கேள்வி கேட்டவர்களில் கார்க்கி என்ற பெண்ணும் ஒருத்தி. படிக்கப் போகிற பெண் பிள்ளைக்கு இதைவிட நல்ல ஊர்ப்பெயர் கிடைக்குமா என்று நானே கொஞ்சம் தடுமாறினேன். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். புத்தரின் முற்பிறவிக் கதைகளில் ஒன்றான, சிங்களவர்கள் விரும்பிப் படிக்கும் உம்மக்க ஜாதகத்தில் வரும் அரசனும் மிதிலையை ஆண்ட வேதேகன்தான். மகோசதன் என்ற பண்டிதனாகப் போதிசத்துவர் அவன் சபையில் இருக்கிறார். பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மாவுக்கு வைதேகி புதுப்பெயராகத் தெரியலாம், ஆனால் அந்த அரசனின் பெயரைச் சொன்னால் சட்டென்று புரிந்துகொள்வார்.

வைதேகியின் சிக்கல் எழுத்தில் இருக்கிறது. வடமொழியில் கடைசி எழுத்து ஹி, தமிழில் கி. 'தே'க்கு இந்தியாவில் ஆங்கிலத்தில் ஓர் எழுத்துப் போடுகிறார்கள், நம் நாட்டில் 'டீ', 'எச்' என்று இரண்டு எழுத்துப் போடுவது வழக்கம். கடைசி எழுத்துக்கு 'எச்', 'ஜி', 'கே' மூன்றும் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரே ஆளின் பெயர் பிறப்புச் சான்றிதழில் ஒன்று, அடையாள அட்டையில் ஒன்று, பரீட்சைச் சான்றிதழில் ஒன்று என்று ஆகிவிட இதுவே போதும். வெளியூர்க்காரருக்கு இது சின்ன விஷயமாகப் படலாம். நமக்கு அப்படி இல்லை. மலையகத் தமிழரை நாடற்றவர் ஆக்கிய 1948 குடியுரிமைச் சட்டத்துக்குப் பிறகு நம் பாட்டன் பூட்டன் எத்தனை காகிதங்களைத் தூக்கிக்கொண்டு அலைந்தார்கள். 2003ல் வந்த சட்டத்தோடுதான் அந்தப் பிரச்சினை பெருமளவு தீர்ந்தது. எங்கள் அம்மாவின் பெயரே ஒரு அலுவலகத்தில் தமிழ் தெரியாதவர் காதில் விழுந்தபடி எழுதப்பட்டு, பென்ஷன் வயது வரை அதைத் திருத்த அலைந்தார். அதனால்தான் ஒரு பெயரை எடைபோடும்போது அது மூன்று மொழியிலும் தடுக்காமல் போகுமா என்பதை நான் முதலில் பார்க்கிறேன். வைதேகிதான் வேண்டும் என்பவர்கள் ஆங்கில எழுத்தையும் சிங்கள எழுத்தையும் காகிதத்தில் எழுதிக் கையோடு எடுத்துக்கொண்டு பதிவாளரிடம் போகட்டும்.

மைதிலி காதுக்கு இனிமை. கிரந்த எழுத்தே தேவையில்லை, தமிழ்ப் பிள்ளைகள் எழுதப் பழகும் முதல் வருடத்திலேயே தன் பெயரைத் தானே எழுதிவிடலாம். தம்பி மனைவியின் விருப்பம் இதுதான். மிதிலை என்று மக்கள் நம்பும் இடம் இன்றும் இருக்கிறது. நேபாளத்தின் ஜனக்பூரில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பப்பட்ட பெரிய ஜானகி கோயில் நிற்கிறது. எல்லைக்கு இந்தப் பக்கம் பீகாரின் சீதாமடி, அவள் பிறந்த மண் எங்களுடையது என்கிறது. மைதிலி என்று அந்தப் பகுதியில் ஒரு மொழியே இருக்கிறது. கோடிக்கணக்கானோர் பேசுகிறார்கள், 2003ல் இந்திய அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையிலும் சேர்ந்தது. பிள்ளை வளர்ந்து தன் பெயரைக் கணினியில் தேடினால் முதலில் அந்த மொழிதான் வரும், அதில் குறையொன்றும் இல்லை. எனக்குள்ள தயக்கம் வேறு. மைதிலி என்பது முழுக்க முழுக்க ஓர் ஊரின் பெயர். ஹட்டனிலோ பண்டாரவளையிலோ பிறந்த பிள்ளையை ஏன் கங்கைச் சமவெளியில் உள்ள ஓர் ஊர்க்காரி என்று நாம் வாழ்நாள் முழுக்கக் கூப்பிட வேண்டும்? நம்மையே இருநூறு வருடமாக, 'நீங்க எந்த ஊர்?' என்று கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

ஜானகியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எல்லோருக்கும் தெரிந்த பெயர், சிங்களப் பெண்களிடமும் சாதாரணமாக உள்ள பெயர், ஜனக என்று ஆண்களுக்கும் வைக்கிறார்கள். எந்த அலுவலகத்திலும் யாரும் இரண்டாம் தடவை கேட்கமாட்டார்கள். தமிழ் ஒலிக்கு ஏற்றபடி சானகி என்று கம்பரே எழுதியிருக்கிறார். அப்பாவுக்குச் செல்லப்பிள்ளை என்ற பொருளும் அதில் தானாக வந்துவிடும், என் தம்பிக்கு அது பிடித்திருக்கிறது. ஒரு விஷயம் மட்டும் எனக்கு எப்போதும் உறுத்தும். ஜனகனுக்குச் சொந்தமாகப் பிறந்த மகள் ஊர்மிளை. லட்சுமணனை மணந்து, அவன் காட்டுக்குப் போன 14 வருடமும் அரண்மனையில் தனியே இருந்தவள். ஜனகனின் மகள் என்ற பெயரோ, மண்ணிலிருந்து கண்டெடுத்த அக்காவுக்குப் போய்விட்டது. வளர்த்த பாசம் பெற்ற பாசத்துக்குக் குறைந்ததில்லை என்று அதை நல்லபடியாகவும் எடுத்துக்கொள்ளலாம். பிள்ளையைத் தத்தெடுத்து வளர்க்கிறவர்கள் யாராவது என்னிடம் கேட்டால் யோசிக்காமல் ஜானகி என்றுதான் சொல்வேன்.

இனி சீதா.

கலப்பை உழுத சால், அதுதான் இந்தச் சொல்லின் பொருள். இராமாயணத்துக்கும் முந்தியது. ரிக் வேதத்தின் நான்காம் மண்டலத்தில் வயலுக்கான 57ஆம் பாடலில் சீதையை மங்கலமானவளே என்று அழைத்து, எங்களுக்கு வளம் தா, விளைச்சல் தா என்று வணங்குகிறார்கள். அங்கே அவள் யாருடைய மகளும் இல்லை, மனைவியும் இல்லை. உழுத நிலமே தெய்வம். பிற்காலத்தில் கௌடில்யரின் அர்த்தசாஸ்திரத்தில் அரசுக்குச் சொந்தமான விளைநிலத்தைக் கவனிக்கும் அதிகாரிக்குச் சீதாத்யட்சர் என்று பதவிப் பெயர். அந்த அளவுக்கு மண்ணோடும் பயிரோடும் ஒட்டிய சொல் இது. வால்மீகியில் ஜனகனே தன் வாயால் சொல்கிறான்: நிலத்தை உழுதுகொண்டிருந்தேன், கலப்பைக்கு எதிரே சாலிலிருந்து எழுந்தாள், அதனால் சீதை என்று பெயர் பெற்றாள். தமிழுக்கும் இந்தப் பெயர் நேற்று வந்ததில்லை. புறநானூற்றின் 378ஆம் பாட்டிலேயே இராமனுடன் வந்த சீதையை அரக்கன் தூக்கிப்போன கதை வந்துவிடுகிறது. நிலத்தில் விழுந்த அவள் நகைகளை எடுத்துக் குரங்குகள் எதை எங்கே போடுவது என்று தெரியாமல் மாற்றி மாற்றி அணிந்துகொண்டதை அந்தப் பாட்டில் படிக்கலாம்.

ஆனால் இந்தப் பெயரைச் சொன்னதும் வீட்டுப் பெரியவர்கள் முகம் மாறுவதையும் மறைக்க முடியாது. "சீதைன்னு பேர் வச்சா சீதை பட்ட பாடுதான் படணும்" என்று பெரியம்மா நேராகவே சொன்னார். காடு, சிறை, தீக்குளிப்பு, வயிற்றில் பிள்ளையோடு மறுபடி காடு. அவர்கள் பயம் அன்பிலிருந்து வருகிற பயம், அதைத் தூக்கியெறிய எனக்கு மனமில்லை. பெரியம்மாவிடம் நான் கேட்டது ஒன்றுதான். பெயர் கதையை இழுத்து வரும் என்றால் ஜானகி என்று வைத்தாலும் அதே கதைதானே வரும்? காட்டுக்குப் போனவளும் சிறையிருந்தவளும் ஜானகியும் மைதிலியும் வைதேகியும்தானே? அந்தப் பெயர்களை வைக்கும்போது நாம் பயப்படுவதில்லை.

அதைவிட முக்கியமாக, சீதை பட்ட பாட்டை மட்டும் நாம் திரும்பத் திரும்பச் சொல்லி, அவள் எடுத்த முடிவுகளைச் சொல்லாமல் விட்டுவிட்டோம் என்று நினைக்கிறேன். அசோகவனத்துக்கு வந்த அனுமன், என் முதுகில் ஏறிக்கொள்ளுங்கள் அம்மா, இப்போதே கொண்டுபோய்ச் சேர்க்கிறேன் என்கிறான். அவள் மறுக்கிறாள். அவ்வளவு துன்பத்திலும் எப்படிப் போவது என்பதை அவளே தீர்மானிக்கிறாள். உத்தர காண்டத்தின் முடிவில் சபை நடுவே இன்னொரு தடவை தன்னை நிரூபிக்கச் சொன்னபோது, அவள் நெருப்பைக் கேட்கவில்லை. தாயான பூமியைக் கூப்பிட்டுப் போய்விடுகிறாள். அரசன் கூப்பிட்டும் அவள் திரும்பவில்லை. இனி யாருக்கும் நான் கணக்குக் காட்டமாட்டேன் என்று சொல்லத் தெரிந்த பெண்ணின் பெயர் அது. என் மருமகளுக்கு அந்தத் துணிச்சலில் கொஞ்சம் வந்தால் நல்லதுதான்.

இன்னொரு காரணம் நம் நாட்டைச் சேர்ந்தது. அவளுடைய பிறப்பைப் பற்றி வேறு கதைகளும் உண்டு. வேதவதி என்ற தவப்பெண்ணின் கூந்தலை இராவணன் பிடித்து இழுக்க, அவள் அந்தக் கூந்தலை அறுத்து, தீயில் இறங்கி, உன் அழிவுக்காக மறுபடி பிறப்பேன் என்று சொல்லிச் சீதையானாள் என்பது உத்தர காண்டத்தில் இருக்கிறது. அற்புத ராமாயணம் இன்னும் ஒருபடி மேலே போய், மண்டோதரி வயிற்றில் உருவாகி மண்ணில் புதைக்கப்பட்டவள் என்கிறது. இராவணனின் மகளே என்று சொல்லும் சமணக் கதையும் உண்டு. அப்படிப் பார்த்தால் அவள் இலங்கைப் பெண். அரசன் மகள் என்பதை ஒருவர் நம்பலாம், மறுக்கலாம். மண்ணிலிருந்து வந்தாள் என்பதை மட்டும் இந்தக் கதைகளில் பெரும்பாலானவை விடவில்லை.

நம் ஆட்கள் இந்த மலைக்கு வந்தது கோப்பிக்காலத்தில், 1820களில். காட்டை வெட்டி, வடிகாலுக்குக் கான் வெட்டி, தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டி, இரண்டு நூற்றாண்டாக இந்த மண்ணைக் கீறியது நம் கைகள். என் தாத்தா கான் வெட்டியவர். மலைச் சரிவில் மழைத்தண்ணி மண்ணை அரித்துப் போகாமல் அவர் வெட்டிய கான்கள் இன்னும் அந்தத் தோட்டத்தில் இருக்கின்றன. அந்த மண்ணில் ஒரு துண்டு அவர் பெயரில் இல்லை, தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து அறையும் அவருடையது இல்லை. மண்ணில் கீறிய கோட்டிலிருந்து எழுந்தவள் என்ற பெயரை அவருடைய கொள்ளுப்பேத்திக்கு வைப்பதில் எனக்கு ஒரு நியாயம் தெரிகிறது. பத்திரம் யார் கையில் இருந்தாலும் கீறிய மண் யாருடைய பிள்ளையைத் தந்தது என்று அந்தப் பெயர் சொல்லும். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடும்போது சீத்தம்மா, சீதாலெட்சுமி என்று நின்றவர்கள் நம் பாட்டிமார். இந்தப் பெயரைப் பழசு என்று சொல்லும் இளம் பெற்றோர் அதையும் கொஞ்சம் நினைத்துப் பார்க்கட்டும்.

எழுத்துச் சோதனையிலும் சீதா நன்றாகவே தேறுகிறாள். இரண்டே எழுத்து. சிங்களத்தில் அப்படியே உண்டு, மூத்த தலைமுறைச் சிங்களப் பெண்களிடம் நன்றாகப் பழகிய பெயர். ஆங்கிலத்தில் இரண்டு 'ஈ', பிறகு 'டீ', 'எச்', 'ஏ' என்று நம் நாட்டு வழக்கப்படி எழுதினால் போதும். எண் கணிதம் பார்த்து நடுவில் இன்னொரு எழுத்தைச் செருகச் சொல்வார்கள். தயவுசெய்து வேண்டாம். மேலே சொன்ன அலைச்சல் எல்லாம் அங்கேதான் தொடங்கும்.

பட்டியலில் பூமிஜா, வேதவதி இரண்டையும் தம்பியின் நண்பர் ஒருவர் சேர்க்கச் சொன்னார். பூமிஜா பொருளில் அழகு, ஆனால் கூப்பிட்டால் யாருக்கும் உடனே பிடிபடாது. வேதவதியின் கதை முழுக்க ஆத்திரமும் நெருப்பும், அதை ஒரு பச்சைக் குழந்தையின் தலையில் வைக்க வேண்டாம். இப்போது ஷ, க்ஷ, ஸ்ரீ எல்லாம் கலந்து பொருளே இல்லாமல் கோர்க்கிற பெயர்களை நான் இந்த ஒப்பீட்டுக்குள்ளேயே எடுக்கவில்லை.

மிச்சம் இருப்பது நட்சத்திரம். எழுத்துப் பார்க்கிறவர்களுக்கு: சீதா சதயத்துக்கும், ஜானகி உத்திராடத்துக்கும் பொருந்தும். வைதேகியை மிருகசீரிடத்து 'வே'யோடு சேர்ப்பார்கள். எங்கள் பிள்ளை பிறந்தது மகத்தில். மா, மீ, மூ, மே. மேயோடு மையும் சேரும் என்று கோயில் ஐயர் சொல்லிவிட்டார், தம்பி மனைவிக்கு ஒரே சந்தோஷம். இதில் சண்டை போட ஒன்றும் இல்லை. நட்சத்திரப் பெயரைத் தொட்டிலில் போடும்போது சொல்லி, சான்றிதழில் வேறு பெயர் எழுதுகிற வழக்கம் நம் லயங்களில் காலம் காலமாக உண்டு. அர்ச்சனைக்கு மைதிலி, பதிவுக்குச் சீதா என்று நான் சொல்லியிருக்கிறேன். பெற்ற தாய் தம்பி மனைவிதான், அவள் சம்மதம் இல்லாமல் எதுவும் நடக்காது. மைதிலியே பதிவுக்கும் வேண்டும் என்று அவள் நின்றால் அதையும் மூன்று தடவை வாய் நிறையச் சொல்வேன், ஆனால் ஆங்கிலத்தில் 'எம்' பக்கத்தில் 'ஏ', 'ஐ' போடுவதா, 'வை' போடுவதா என்பதை அன்றைக்கே முடிவு செய்துவிட வேண்டும். பதிவாளரிடம் போகும்போது நானும் கூடவே போகிறேன்.